சார்ட்டர் நடுநிலைப் பள்ளி, புராஜெக்ட் படிப்பு: பிள்ளையைப் போட்டவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: ஜனவரி 11, 2025

சான் டியேகோவுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மகள் ஐந்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டுக்காரர், புராஜெக்ட் முறையில் நடக்கும் ஒரு சார்ட்டர் பள்ளிக்கு லாட்டரி (இடத்துக்கான குலுக்கல்) போடச் சொல்கிறார். பாடப்புத்தகம் கிடையாதாம், பரீட்சை கிடையாதாம், வருடம் முழுக்க எதையாவது செய்துகொண்டே இருப்பார்களாம். என் கணவர், "இது விளையாட்டுப் பள்ளிக்கூடம், கணக்கு போச்சு" என்கிறார். பிள்ளையைப் போட்ட அக்கா, அண்ணா யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது தனியார் பள்ளியா? எவ்வளவு ஆகும்?

ஜனவரி 11, இரவு

நான் போட்டிருக்கிறேன். மகன் இப்போது எட்டாவது. 2022 ஆகஸ்டில் ஆறாவதில் சேர்ந்தான். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன், திட்டவும் போகிறேன் என்பதால்.

தனியார் பள்ளி இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளிதான், ஆனால் மாவட்டக் கல்வி நிர்வாகம் நேரடியாக நடத்தாது. ஒரு குழு, "இப்படி நடத்துவோம், இதைச் சாதிப்போம்" என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குகிறது. அந்த அனுமதிப் பத்திரம்தான் சார்ட்டர். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், சரியில்லை என்றால் மூடிவிடலாம். மினசோட்டா 1991-இல் முதல் சட்டம் போட்டது, கலிபோர்னியா 1992-இல்.

கட்டணம் பூஜ்யம். நுழைவுத் தேர்வும் கிடையாது. செலவு வேறு இடத்தில் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன். தோசை மாவு பொங்கி வழிகிறது.

ஜனவரி 13

செலவு என்றேனே, அது கார். மஞ்சள் பஸ் வராது. சார்ட்டர் பள்ளி பஸ் விட்டே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை, எங்கள் பள்ளி விடுவதில்லை. மீரா மேசாவிலிருந்து காலையில் 805-இல் இறங்கினால் இருபத்தைந்து நிமிடம், ஒரு விபத்து நடந்தால் ஐம்பது. திரும்பி வர அதே அளவு. மாலையில் மறுபடியும். முதல் மூன்று மாதம் நான் தனியாக ஓட்டினேன். வாரத்துக்கு எட்டு மணி நேரம் காரில்! அலுவலகத்தில் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒரு நாளும் முகத்தைக் காட்டியதில்லை, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து குரல் மட்டும் கொடுப்பேன்.

அப்புறம் ஒரு பிலிப்பினோ குடும்பம், ஒரு வியட்நாமியக் குடும்பம், நாங்கள் என்று கார்பூல் போட்டோம். ஆளுக்கு ஒன்றிரண்டு நாள். அதற்குப் பிறகுதான் இந்தப் பள்ளி எங்களுக்குக் கட்டுப்படியானது. ஆகவே முதல் கேள்வி பாடமுறையைப் பற்றியது இல்லை. உங்கள் தெருவிலிருந்து வேறு யார் போகிறார்கள் என்பதுதான்.

படிப்பு எப்படி நடக்கிறது என்றால், ஐம்பது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் ஆங்கிலமும் வரலாறும் சேர்த்து, இன்னொருவர் கணக்கும் அறிவியலும் சேர்த்து. பிள்ளைகள் பாதி நாள் இவரிடம், பாதி நாள் அவரிடம். மணியடித்து ஏழு பீரியட் ஓடுவது இல்லை. ஒரு புராஜெக்ட் ஆறு முதல் பத்து வாரம். கடைசியில் எக்ஸிபிஷன்: மாலை ஐந்து மணிக்குப் பெற்றோர், அக்கம்பக்கத்தார், தெரியாத ஆட்கள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள், பிள்ளை நின்று விளக்க வேண்டும். மாநிலத் தேர்வு எதுவும் கிடையாது, அதனால் அந்தத் தலைவலியும் இல்லை.

ஜனவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

பள்ளி எது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். ஹை டெக் ஹை என்ற பெயர்பெற்ற புராஜெக்ட் பள்ளியா என்றால், இல்லை. ஆனால் இந்த ஊரில் புராஜெக்ட் பள்ளி என்று யார் தொடங்கினாலும் அதைப் பார்க்காமல் தொடங்குவதில்லை, எங்கள் பள்ளியும் அப்படித்தான். பாயின்ட் லோமாவில் கடற்படைப் பயிற்சி முகாம் ஒன்று 1997-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2000-இல் அந்தப் பள்ளி வந்தது. குவால்காம் நிறுவனத்தைத் தொடங்கியவரின் குடும்பத்தைச் சேர்ந்த கேரி ஜேக்கப்ஸ் பின்னால் நின்றார். நடத்த வந்த லாரி ரோசன்ஸ்டாக் சட்டம் படித்தவர், பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொடுத்தவர். மர இழைப்பு தெரிந்த ஆள் பள்ளிக்கூடம் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது. இப்போது நான்கு வளாகங்களில் 16 பள்ளிகள், தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை. எக்ஸிபிஷன் நாளில் ஒருமுறை போய்ச் சுற்றிப் பாருங்கள். சேர்க்கிறீர்களோ இல்லையோ, பார்க்க வேண்டிய இடம்.

ஜனவரி 15

தப்பாகச் சொல்லிவிட்டேன். மாநிலத் தேர்வு உண்டு. மூன்றாவது முதல் எட்டாவது வரை ஒவ்வொரு வசந்தத்திலும், பிறகு பதினொன்றாவதில். சார்ட்டர் பள்ளிக்கு விலக்கு கிடையாது. என் மகன் இரண்டு வருடம் எழுதியிருக்கிறான், எனக்கே நினைவில்லை! காரணம், பள்ளி அதைப் பெரிதாகப் பேசாது, கோச்சிங் இல்லை, ஒரு நாள் லேப்டாப்பில் உட்கார்ந்து முடித்துவிட்டு வருவார்கள். வேண்டாம் என்று பெற்றோர் எழுத்தில் கொடுத்தால் விட்டுவிடுவார்கள், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மார்க் கண்ணில் பட வேண்டும். (யார் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் கணவருக்கு அவரை அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.)

ஜனவரி 19

இன்று ஞாயிறு, விரிவாக எழுதுகிறேன். இது என் அவமானக் கதை.

ஆறாவதில் முதல் புராஜெக்ட், பழைய நாகரிகங்களின் பாசனம். எக்ஸிபிஷனுக்கு இரண்டு நாள் முன்பு மகனின் மாடலைப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் ஒரு பள்ளம், நீல பெயிண்ட், ஒரு ஐஸ்குச்சி மதகு, அதுவும் கோணல். எனக்குப் பொறுக்கவில்லை. திருநெல்வேலியில் நான் படித்தபோது எக்ஸிபிஷன் என்றால் தெர்மகோல், கலர் பேப்பர், பெரியப்பாவின் கைவண்ணம். பிள்ளை பேர் எழுதி ஒட்டினால் போதும், முதல் பரிசு. அந்த ரத்தம் எங்கே போகும்? இரவு பதினொன்றுக்குக் கடைக்கு ஓடி ஃபோம் போர்டு வாங்கி, இரண்டு மணி வரை உட்கார்ந்து நைல் நதியையே கொண்டுவந்தேன். ஷாடூஃப் ஏற்றம் மேலும் கீழும் ஆடும். நம் ஊர் ஏற்றம்தான், கை பழகியிருந்தது.

மறுநாள் ஆசிரியர் அதைப் பார்த்தார். திட்டவில்லை. "இந்த எடைக்கல் ஏன் இந்தப் பக்கம்?" என்று மகனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். எக்ஸிபிஷனில் அவன் தன்னுடைய கோணல் அட்டைப்பெட்டியோடுதான் நின்றான், என் நைல் நதி கராஜுக்குப் போனது. அட்டைப்பெட்டியின் மதகு ஏன் கோணல் என்று ஒரு கிழவர் கேட்டார். "நேராக வைத்தால் தண்ணீர் கசிந்தது, சாய்த்தேன், நின்றுவிட்டது" என்றான்.

எனக்கு அது தெரியாது. நான் அது கைத்தவறு என்று நினைத்தேன்.

ஜனவரி 20

"அப்படியானால் பெற்றோர் எதுவுமே செய்யக் கூடாதா, சும்மா டிரைவர் வேலை மட்டுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட அப்படித்தான். டிரைவர், பார்வையாளர், கேள்வி கேட்கும் ஆள்.

தன்னார்வ வேலை கட்டாயமா என்ற கேள்விக்கு: கட்டாயம் இல்லை. பெற்றோர் வந்து வேலை செய்தால்தான் சேர்க்கை என்று எந்தச் சார்ட்டர் பள்ளியும் இங்கே சொல்ல முடியாது, 2017-இல் சட்டமாகவே போட்டார்கள். சுற்றுலாவுக்கும் பொருட்களுக்கும் நன்கொடை கேட்டுக் கடிதம் வரும். கொடுக்காவிட்டாலும் பிள்ளையைச் சுற்றுலாவில் சேர்க்காமல் பள்ளி விட முடியாது. கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அப்படித் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

மதியச் சாப்பாடும் இலவசம், 2022-23 முதல் மாநிலம் முழுக்க, வருமானம் பார்க்காமல். சைவம் என்றால் சீஸ், சீஸ், திங்கட்கிழமை பீன்ஸ், மறுபடி சீஸ். டப்பா கட்டிக் கொடுங்கள்.

ஜனவரி 26

டிராஃப்ட் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதுதான் இந்தப் பள்ளியின் உயிர். எக்ஸிபிஷன் வெளியே தெரிவது, அவ்வளவுதான்.

அதே ஆறாவதில், டாரி பைன் மரத்தைப் பற்றி வகுப்பே சேர்ந்து ஒரு கையேடு போட்டது. உலகத்திலேயே இந்த மரம் தானாக வளர்வது நம் கடற்கரையோரத்திலும், சான்டா பார்பரா பக்கம் சான்டா ரோசா தீவிலும் மட்டும்தான். அந்த மரங்களைப் பாதுகாக்கும் பூங்காவிலிருந்து ஒரு ஊசியைக்கூட எடுத்து வரக் கூடாது என்பதால் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரைந்தார்கள். மகன் ஒரு கிளையை வரைந்தான். அழகாகத்தான் இருந்தது, நான் பிரிட்ஜில் ஒட்டியிருப்பேன். மறுநாள் வகுப்பில் எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டி, பிள்ளைகளே ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதினார்கள். விதி என்னவென்றால் "நன்றாக இருக்கிறது" என்று எழுதக் கூடாது, "நன்றாக இல்லை" என்றும் எழுதக் கூடாது. எந்த இடம், என்ன, எப்படி மாற்றலாம் என்று எழுத வேண்டும். ஒரு பெண் எழுதினாள்: "டாரி பைனுக்கு ஒரு கொத்தில் ஐந்து ஊசி. நீ மூன்று வரைந்திருக்கிறாய். வேறு மரத்தைப் பார்த்து வரைந்தாயா?"

அவன் வேறு மரத்தைப் பார்க்கவில்லை, மரத்தையே பார்க்கவில்லை. பைன் என்றால் இப்படி இருக்கும் என்று மனதில் இருந்ததை வரைந்திருக்கிறான். அதற்குப் பிறகு ஆறு டிராஃப்ட். நான்காவதில் அழுதான். ஆறாவது புத்தகத்தில் வந்தது.

ரெகார்டு நோட்டில் செம்பருத்தியின் குறுக்குவெட்டை நான் எத்தனை முறை வரைந்திருப்பேன்! சீனியர் அக்காவின் நோட்டைப் பார்த்து. பூவைப் பார்த்து ஒருமுறைகூட இல்லை.

ஜனவரி 27

இங்கே வந்து, "அப்படியென்றால் கணக்கு?" என்று கேட்டவருக்கு. வருகிறேன், வருகிறேன். அது கசப்பான பகுதி.

பிப்ரவரி 2

கணக்கு.

எங்கள் பள்ளியில் வேகமான பிரிவு, மெதுவான பிரிவு என்று பிரிப்பதில்லை. எல்லாரும் ஒரே வகுப்பு. கொள்கையாக எனக்குப் பிடிக்கும். நடைமுறையில், ஏழாவதில் பக்கத்து மாவட்டப் பள்ளியில் படிக்கும் நண்பர் மகள் அல்ஜீப்ராவில் பாதி தூரம் போயிருந்தாள், என் மகன் விகிதத்தை மூன்றாவது புராஜெக்டில் மூன்றாவது முறையாகச் செய்துகொண்டிருந்தான். புராஜெக்டுக்குள் இயல்பாக நுழையும் கணக்கு என்றால் விகிதம், சதவீதம், வரைபடம். சமன்பாடு தீர்ப்பதைக் கடற்கரையில் தேடினால் கிடைக்காது, அதற்கு உட்கார்ந்து போட வேண்டும். அந்த வருடம் உட்கார்ந்து போட வைக்க ஆளும் இல்லை. கணக்கு ஆசிரியர் அக்டோபரில் வேலையை விட்டார். ஜனவரி வரை மாற்று ஆசிரியர்கள், வாரம் ஒரு முகம். பள்ளி எங்களுக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியது, "மாற்றங்களை வளர்ச்சியின் வாய்ப்பாகப் பார்ப்போம்" என்ற மாதிரி. நான் பதிலுக்கு எழுதியதை இங்கே போட முடியாது.

புத்தகம் இல்லாத பள்ளியில் எல்லாமே ஆசிரியரின் தலையில் இருக்கிறது. அவர் போனால் பாடமே போகிறது. சாதாரணப் பள்ளியில் ஆசிரியர் போனாலும் எண்பத்திரண்டாம் பக்கம் அங்கேயே இருக்கும். சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள்? அழகான சுவர்களைக் காட்டுபவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும்.

நான் குமான் என்ற டியூஷனில் சேர்த்தேன். ஆம், அப்பட்டமான முரண்பாடு. மாலையில் மனப்பாடத் தாள், பகலில் புராஜெக்ட்.

பிப்ரவரி 3

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் கோபம் கொஞ்சம் அதிகம். அந்த ஏழாவதில்தான் மகன் வாழ்க்கையில் மறக்காத புராஜெக்டும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

டிஹுவானா ஆற்றுக் கழிவு. மெக்சிகோ எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாக்கடை கலந்து வந்து இம்பீரியல் பீச் கடற்கரை நெடுங்காலமாக மூடிக் கிடக்கிறது, நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை அந்தத் தண்ணீரைத் தொட விடவில்லை. பாதுகாப்பான ஓர் ஓடையில் மாதிரி எடுத்துச் சோதிக்கப் பழகினார்கள். கடற்கரைக்கு மாவட்டம் வெளியிடும் எண்களை வாங்கி வரைபடம் போட்டார்கள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் துண்டறிக்கை எழுதி அங்கே கடை வைத்திருப்பவர்களிடம் காட்டினார்கள். ஒரு கடைக்காரம்மா, "மூடியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும் கண்ணா, எப்போது திறக்கும் என்று எழுது" என்றாராம். பிள்ளைகள் திரும்பி வந்து துண்டறிக்கையை முழுதாக மாற்றி எழுதினார்கள்.

மகன் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் வேறு எதையும் பேசவில்லை. சாம்பாரை வைத்துக்கொண்டு சாக்கடைப் பேச்சு. அது வேறு விஷயம்.

பிப்ரவரி 9

மார்க் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். ரிப்போர்ட் கார்டு வரும், ஆனால் முக்கியம் அது இல்லை. வருடத்துக்கு இருமுறை பிள்ளையே கூட்டம் நடத்தும். ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், பிள்ளை தன் வேலைகளை விரித்து வைத்து எங்கே நன்றாகச் செய்தேன், எங்கே சறுக்கினேன் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். இதற்கு ஸ்டூடண்ட் லெட் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.எல்.சி. என்று பெயர். என் மாமனார் அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். "இன்றைக்கு எஸ்.எல்.சி." என்றதும் பயந்துவிட்டார். "ஆறாங்கிளாஸிலேயே எஸ்.எஸ்.எல்.சி.யா? பிள்ளை ராத்திரி படிக்கவே இல்லையே!" விபூதி பூசித்தான் அனுப்பினார். கூடவே வந்தும் உட்கார்ந்தார். பேரன், "எனக்குக் குழுவில் வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியவில்லை, எல்லாவற்றையும் நானே செய்தேன், மற்றவர்களுக்குக் கோபம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, காரில் வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், "இவன் யாரை உரித்து வைத்திருக்கிறான் என்று தெரிகிறது" என்றார். நைல் நதி மாடல் அப்போதும் கராஜில் இருந்தது.

பிப்ரவரி 16

சின்னச் சின்னப் பதில்கள்.

டிசம்பரில் ஊருக்குப் போக மூன்று வாரம் லீவு கிடைக்குமா: சொல்லாமல் போகாதீர்கள். இங்கே பள்ளிக்கு அரசுப் பணம் வருவது அன்றாட வருகைக் கணக்கில். பிள்ளை வராத நாளுக்குப் பள்ளிக்கு நஷ்டம், சிறிய சார்ட்டருக்கு அது வலிக்கும். முன்கூட்டியே சொன்னால் இண்டிபெண்டன்ட் ஸ்டடி என்று ஒப்பந்தம் போட்டு வேலை கொடுத்து அனுப்புவார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு நாங்கள் அப்படித்தான் போனோம், மகன் மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து கட்டுரை எழுதினான்.

கற்றல் சிரமம் உள்ள பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களா: மறுக்க முடியாது. பொதுப் பள்ளிக்குரிய சிறப்புக் கல்விச் சட்டம் இதற்கும் பொருந்தும், ஐ.ஈ.பி. (அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிய கல்வித் திட்டம்) உள்ள பிள்ளைக்கு அதன்படி உதவி செய்ய வேண்டும். நடைமுறையில் எப்படி என்று அங்கே ஏற்கெனவே பிள்ளையைப் போட்ட தாயிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

காலையில் எத்தனை மணிக்கு: நடுநிலைப் பள்ளியை எட்டு மணிக்கு முன் தொடங்கக் கூடாது, 2022 முதல் மாநிலச் சட்டம். எங்களுக்கு எட்டரை.

தம்பி தங்கைக்கு இடம் நிச்சயமா: நிச்சயம்.

பிப்ரவரி 17

நிச்சயம் இல்லை. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதினேன். முன்னுரிமை இருக்கலாம், அது அந்தந்தப் பள்ளியின் சார்ட்டரில் எழுதியிருக்கும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் பகிரங்கக் குலுக்கல். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கும் முன்னுரிமை என்பது சட்டம். ஹை டெக் ஹையில் அஞ்சல் குறியீட்டையும் கணக்கில் எடுத்துக் குலுக்குகிறார்கள், வசதியானவர்கள் வசிக்கும் பகுதிகள் மட்டும் நிரம்பிவிடாமல் இருக்க. நம்மவர்கள் வசிக்கும் பகுதியிலிருந்து விண்ணப்பம் குவியும், கொஞ்சம் தயாராக இருங்கள்.

மார்ச் 23

இழை சத்தமில்லாமல் கிடக்கிறது. குலுக்கல் என்ன ஆயிற்று?

மார்ச் 24

வெயிட் லிஸ்டில் 41 என்கிறீர்கள். உங்கள் கணவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

41 என்பது மோசம் இல்லை. எங்களுக்கு 33. கோடையில் வீடு மாறுபவர்கள், வேறு பள்ளி கிடைத்தவர்கள் விலகுவார்கள், ஆகஸ்டில் பட்டியல் கிடுகிடுவென்று நகரும். எங்களுக்குப் பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது அழைப்பு வந்தது, பதில் சொல்ல ஒரு நாள் கொடுத்தார்கள். அதுவரை உங்கள் பகுதிப் பள்ளியில் பதிவு செய்து வையுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். போனை அமைதியில் போடாதீர்கள், தெரியாத எண் என்று வெட்டாதீர்கள்.

ஜூன் 8

மகன் எட்டாவது முடித்தான். ஒன்பதாவதுக்குப் பகுதியின் சாதாரண உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான், அவன் முடிவு. "ஒரு தடவை பாடப்புத்தகம் எப்படி இருக்கும் என்று பார்க்கிறேன்" என்றான்.

கணக்கில் எந்த நிலையில் போடுவார்கள் என்று நான் பயந்தேன். நிலைத் தேர்வில் ஒரு படி கீழே போட்டார்கள். அவன் வயதில் அங்கே பாதிப் பேர் இருக்கும் படிதான், ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. வகுப்பு தொடங்கி முதல் மாதத்துக்குள் ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, அதைக் கேட்டிருக்கிறேன். மறுபடி சேர்ப்பீர்களா என்று கேட்டால், பிப்ரவரி 2 அன்று கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். இப்போது சேர்ப்பேன், ஆனால் முதல் நாளிலிருந்தே கணக்கை வீட்டில் பார்த்துக்கொள்வேன், ஃபோம் போர்டு பக்கம் போக மாட்டேன்.

ஆகஸ்ட் 14

மகளுக்கு இடம் கிடைத்துவிட்டதா! அதிலும் எங்கள் பள்ளியேவா? பெயர் சொல்லாமல் ஏழு மாதம் காப்பாற்றியதெல்லாம் வீண்.

கணவர் "ஒரு வருடம் பார்ப்போம்" என்று சொன்னாராமே, அது போதும். நீங்கள் ராஞ்சோ பெனஸ்கிடோஸ் பக்கம் என்று முன்பே சொன்ன நினைவு, எங்கள் வழிதான். மகன் போய்விட்டதால் கார்பூலில் ஒரு இடம் காலி. அவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும் ஓட்ட ஆள் தேவை. பேசி வைத்துவிட்டேன், இன்று மாலை உங்களைக் கூப்பிடுவார்கள். தெரியாத எண்தான், எடுங்கள்.